மூளையின் மேற்பரப்புச் சிரைகள்: படத்தில் ஒன்று, தலைக்குள் வேறொன்று

நகரி மலர்

வணக்கம். மருத்துவப் படிப்பில் முதலாண்டு மாணவி நான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள். எதையும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். அதனால் இங்கே கேட்கிறேன்.

இந்த வாரம் மூளையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். தமனிகளில் சிக்கல் இல்லை. அடிப்பகுதியில் வில்லிஸ் வளையம் என்ற தமனி வட்டமும் பெருமூளைத் தமனிகளும் படத்தில் உள்ளபடியே கிடைத்தன. சிரைகளில்தான் திணறிவிட்டேன். புத்தகப் படத்தில் மூளையின் பக்கவாட்டில் இரண்டு பெரிய சிரைகள்: மேல்நோக்கிப் போவது ட்ரோலார்ட் சிரை, கீழ்நோக்கிப் பின்பக்கம் போவது லாபே சிரை. எங்கள் மேசையில் இருந்த மூளையில் மேலே நூலளவுக்குத்தான் ஏதோ தெரிந்தது. கீழே தடித்த சிரை. பக்கத்து மேசையில் அப்படியே தலைகீழ். எது சரி? வாய்மொழித் தேர்வில் எதைச் சொல்வது?

சித்தூர் ஆசிரியர்

இரண்டும் சரி, அம்மா. கேள்வி நல்ல கேள்வி. உடற்கூறு கற்பித்துக் காலம் கழித்தவன் நான். பெரும்பாலான மாணவர்கள் படத்தோடு ஒத்துப்போகாததைக் கண்டால் தங்கள் கண்ணைச் சந்தேகிப்பார்கள். நீங்கள் படத்தைச் சந்தேகித்திருக்கிறீர்கள்.

முதலில் மொத்த அமைப்பைப் பார்ப்போம். மூளையின் சிரைகள் இரண்டு கூட்டம். மூளையின் வெளி அடுக்கான புறணியிலிருந்தும் அதற்கு உடனே கீழே உள்ள வெண்பொருளிலிருந்தும் இரத்தத்தை வெளியே கொண்டுபோவது மேற்பரப்புக் கூட்டம். உள்ளாழத்திலிருந்து, நடுவில் உள்ள கேலன் என்ற பெரிய சிரை நோக்கிப் போவது ஆழ்சிரைக் கூட்டம். இரண்டும் கடைசியில் மூளையை மூடியிருக்கும் கெட்டியான டியூரா உறையின் மடிப்புகளுக்குள் இருக்கும் சைனஸ் என்ற பெரிய இரத்தக் கால்வாய்களில் கலந்து, கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குத் திரும்புகின்றன.

மேற்பரப்புக் கூட்டத்தை அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மூளையின் ஒரு பக்கப் பாதியான அரைக்கோளத்தின் மேல்பாதியிலிருந்து 8 முதல் 12 வரையிலான மேற்சிரைகள் ஏறி, நடுக்கோட்டில் ஓடும் மேல் சஜிட்டல் சைனஸில் விழுகின்றன. பக்கவாட்டில் ஆழமாக ஓடும் சில்வியன் பிளவை ஒட்டி ஒரு நடுச்சிரை முன்னோக்கிக் கீழே இறங்கிக் கேவர்னஸ் சைனஸையோ அதன் அருகில் உள்ள ஸ்பீனோபரைட்டல் சைனஸையோ சேர்கிறது. கீழ்ப்பகுதிச் சிரைகள் பெரும்பாலும் தலையின் பின்பக்கம் குறுக்கே ஓடும் டிரான்ஸ்வர்ஸ் சைனஸுக்குப் போகின்றன. ட்ரோலார்ட், லாபே இரண்டும் இந்த வட்டாரங்களை இணைக்கும் சிரைகள். ட்ரோலார்ட் சில்வியன் நடுச்சிரையை மேல் சஜிட்டல் சைனஸோடு இணைக்கிறது. லாபே அதே நடுச்சிரையை டிரான்ஸ்வர்ஸ் சைனஸோடு இணைக்கிறது.

இந்த மூன்றும் ஒரே வட்டாரத்தின் வடிகால்கள். நம் பக்கத்து ஏரிகளில் ஒரு மதகு தூர்ந்தால் மற்ற மதகில் தண்ணீர் கூடுதலாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ட்ரோலார்ட் சிறுத்திருந்தால் லாபே பெருத்திருக்கும், அல்லது நடுச்சிரை பெருத்திருக்கும். மூன்றும் சம அளவில் இருக்கும் தலை குறைவு. ஒரே ஆளின் வலப்பக்கமும் இடப்பக்கமும்கூட ஒத்துப்போவதில்லை. தேர்வில் இதைச் சொல்லுங்கள்: பெயர், தொடக்கம், போய்ச்சேரும் இடம், பிறகு “இந்த மாதிரியில் லாபே ஆதிக்கம்” என்று கையில் இருப்பதைக் காட்டுங்கள்.

இன்னொன்று. அடுத்த முறை மூளையைக் கையில் எடுக்கும்போது அரைக்கோளத்தின் மேல் விளிம்பை, நடுப்பிளவை ஒட்டி, விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். குட்டைக் குட்டையாக, கருநீலமாக, அறுந்த முனைகள் தட்டுப்படும். மூளையை வெளியே எடுத்தவர் டியூராவை விலக்கியபோது அறுந்தவை அவை. உயிரோடு இருந்தபோது அவைதான் மூளையிலிருந்து சைனஸுக்குப் போன பாலச் சிரைகள். படத்தில் அழகாக வளைந்து சைனஸில் சேர்வதாக வரைந்திருப்பார்கள். மேசையில் முனை மட்டுமே மிஞ்சும். அந்த முனைகளை எண்ணிப் பார்க்காமல் வராதீர்கள்.

திருத்தணி வாசகர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. ஒவ்வொரு தலையிலும் வேறு வேறாக இருக்கும் ஒன்றை இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயரில் மனப்பாடம் செய்வதால் என்ன பயன்? ஸ்கேன் எடுத்தால் அந்த நோயாளியின் சிரை எப்படி இருக்கிறதோ அப்படியே தெரிந்துவிடுகிறது. தமனி அடைத்தால் பக்கவாதம். அதைத் தெரிந்துகொண்டால் போதாதா? பொது வாசகர்களுக்குச் சிரையைப் பற்றி என்ன தேவை இருக்கிறது?

சித்தூர் ஆசிரியர்

இந்த எண்ணம்தான் என்னை வருத்துகிறது. வில்லிஸ் தமனி வளையத்தை விளக்கிய நூல் 1664இல் வந்தது. அல்ஜியர்ஸில் பணிபுரிந்த ட்ரோலார்ட் தன் ஆய்வேட்டில் மூளைச் சிரைகளை விவரித்தது 1868. லாபே தன் பெயர் தாங்கிய சிரையை விவரித்தது 1879. இரத்தம் உள்ளே போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் இடையே நாம் காட்டிய அக்கறையில் 200 ஆண்டு இடைவெளி. இன்றும் அந்த இடைவெளி முழுவதும் மூடவில்லை. நோயாளியின் வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள், மூளையில் சிரை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஸ்கேன் தானாகப் பேசாது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். காதை ஒட்டிய பகுதியான இடப்பக்க டெம்போரல் மடலை அறுவை மருத்துவர் மேலே தூக்கும்போது லாபே சிரை இழுபட்டு அடைத்துக்கொண்டால், அந்த மடல் வீங்கி உள்ளே இரத்தம் கசிந்து, நோயாளி எழுந்த பிறகு பேச்சைப் புரிந்துகொள்ள முடியாமல் போகலாம். மேல் சஜிட்டல் சைனஸின் முன் மூன்றில் ஒரு பகுதியை அறுவையில் கட்டி அடைக்கலாம், நடுப்பகுதியில் அப்படிச் செய்ய முடியாது; கை கால் அசைவுக்கான புறணியின் சிரைகள் அங்கே வந்து விழுகின்றன. பெயர் என்பது வரைபடத்தில் ஊர்ப்பெயர். ஊர் சிறிதா பெரிதா என்பது போனால் தெரியும். ஆனால் அங்கே ஓர் ஊர் இருக்கிறது என்று தெரியாமல் போகக்கூடாது.

ஏகாம்பரகுப்பம் தறி

நான் மருத்துவம் படித்தவன் அல்ல, விசைத்தறி ஓட்டுகிறேன். பாலச் சிரை என்று படித்ததும் எழுதத் தோன்றியது.

என் அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. தறிக் கொட்டகைப் படியில் இடறி விழுந்தார். முன்கை எலும்பு முறிந்தது. எங்கள் ஊரில் எலும்பென்றால் புத்தூர்க் கட்டுதான். பச்சிலை, முட்டை வெண்கரு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. தலையில் காயம் இல்லை, வீக்கம் இல்லை, மயக்கமும் வரவில்லை.

ஒரு மாதம் கடந்த பிறகுதான் ஆள் மாறத் தொடங்கினார். பேரனைத் தம்பி பெயர் சொல்லி அழைத்தார். இடது காலில் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்தார். பகலெல்லாம் தூக்கம். வயதாகிவிட்டது என்றார்கள். என் மனைவிதான் விடாப்பிடியாக ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். மண்டைக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் சேர்ந்து மூளையை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. மண்டையில் துளை போட்டு வடித்தார்கள். கறுத்த எண்ணெய் போல வந்தது என்று மருத்துவர் சொன்னார். மறுநாள் புடவைக்கு எவ்வளவு கூலி, யார் எவ்வளவு பாக்கி என்று கணக்கைப் பிசகாமல் சொன்னார்.

தலையில் அடிபடாமல் சிரை எப்படி அறுந்தது? அதற்கு ஏன் ஒரு மாதம்?

சித்தூர் ஆசிரியர்

அப்பா தேறியது கேட்டு மனம் நிறைந்தது. உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பாலச் சிரையின் ஒரு முனை மூளையோடு நகர்கிறது. மறுமுனை டியூராவில் கெட்டியாகப் பொருந்தியிருக்கிறது. நடுவில் இருக்கும் துண்டுக்குத் தசைச் சுவர் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, வால்வும் இல்லை. சுவரின் தடிப்பு சீராக இல்லாமல் சில இடங்களில் மிக மெலிந்திருக்கும். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது, மண்டை சுருங்குவதில்லை. அதனால் அந்தத் துண்டு முன்பே நீண்டு இழுபட்டிருக்கிறது. கீழே விழுந்து உடல் சட்டென்று நிற்கும்போது மூளை உள்ளே ஓர் அசைவு அசைந்தால் போதும், தலை தரையில் படவேண்டும் என்பதில்லை. நெடுங்காலம் மது அருந்தியவர்களுக்கும் இதே ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குக் கசிவு எளிதில் நிற்காது.

தமனி வெடித்தால் அழுத்தத்தோடு பாயும். சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். சிரையில் அழுத்தம் குறைவு. மெல்லக் கசிந்து நிற்கும். பிறகு அந்த இரத்தத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு வளரும், அந்தச் சவ்வில் புதிதாக முளைக்கும் நுண்குழாய்களும் கசியும். இப்படித்தான் வாரக்கணக்கில் பெருகுகிறது. சுருங்கிய மூளையைச் சுற்றி இடம் இருப்பதால் அறிகுறியும் தாமதமாகும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காட்பாடி கதிர்ப்படம்

ஸ்கேன் அறையில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். சிடி படத்தில் புதிய இரத்தம் வெள்ளையாகத் தெரியும், பழையது கருப்பாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில், ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள், அது மூளையின் சாம்பல் நிறத்திலேயே இருந்துவிடும். அவசரமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லாதது போலிருக்கும். அப்போது நாங்கள் நடுக்கோட்டைப் பார்ப்போம், விலகியிருக்கிறதா என்று. மூளை மடிப்புகளின் பள்ளங்கள் மண்டை ஓடு வரை எட்டுகின்றனவா என்று பார்ப்போம். இரண்டு பக்கமும் சேர்ந்திருந்தால் நடுக்கோடுகூட நகராது, அதுதான் கடினம். ஆகவே முதியவர் விழுந்தார் என்ற ஒரு வரியைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். “தலைவலி” என்று மட்டும் எழுதி வரும் சீட்டுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

பலமனேர்க்காரன்

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம். சிரை அறுந்ததால் அல்ல, அடைத்ததால்.

மனைவிக்கு முதல் பிரசவம், அறுவை முறையில். இரண்டாவது வாரத்தில் தலைவலி. பிரசவம் பார்த்த இடத்தில் கேட்டோம். முதுகில் ஊசி போட்டதால் வரும் தலைவலி, படுத்திருந்தால் சரியாகும் என்றார்கள். அவளோ படுத்தால் அதிகமாகிறது, இருமினால் வெடிப்பது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் கழித்து வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது; பிறகு உடல் முழுவதும் வலிப்பு. பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். மூளையின் மேற்பரப்புச் சிரையில் இரத்தம் உறைந்து, அந்த இடத்தில் கசிவும் இருக்கிறது என்றார்கள். அடுத்த மூச்சில், இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போடப்போகிறோம் என்றார்கள். என் மாமனார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கசிகிற இடத்தில் மேலும் கசிய வைப்பதா என்பது அவர் கேள்வி. அரை மணி நேரம் வராந்தாவில் சண்டை. கடைசியில் நான் போட்டேன். அவள் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் மாமனாருக்கு இன்றுவரை என்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை.

சித்தூர் ஆசிரியர்

உங்கள் மாமனார் கேட்டது மூடக் கேள்வி அல்ல. மருத்துவர்களே பல பத்தாண்டுகள் அதே கேள்வியில் தயங்கி நின்றார்கள்.

அந்தக் கசிவு எப்படி வந்தது என்று யோசியுங்கள். சிரை அடைத்துவிட்டது, தமனி வழியாக இரத்தம் வந்துகொண்டே இருக்கிறது. வெளியேற வழியில்லாததால் அழுத்தம் பின்னோக்கி ஏறுகிறது. நுண்குழாய்கள் புடைத்து, நீர் கசிந்து, கடைசியில் சிவப்பணுக்களும் வெளியேறுகின்றன. கசிவுக்குக் காரணம் உறைவு. உறைவு வளர்ந்து அடுத்த சிரைக்கும், அங்கிருந்து சைனஸுக்கும் பரவினால் கசிவு பெருகும். உறைவு வளர்வதை நிறுத்தினால், பக்கத்தில் உள்ள இணைப்புச் சிரைகள் சுமையை ஏற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. மலர் கேட்ட அந்த ட்ரோலார்ட், லாபே எல்லாம் இங்கேதான் உயிர் காக்கின்றன.

1991இல் ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்ல் என்பவரின் குழு இதைச் சோதித்தது. 20 பேர் மட்டுமே கொண்ட சிறிய சோதனை. ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் யாரும் இறக்கவில்லை. பெறாத 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். மூளைக்குள் ஏற்கெனவே கசிவு இருந்தவர்களும் அந்த 20 பேரில் இருந்தார்கள். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை அத்தோடு நிறுத்தினார்கள். நீங்கள் போட்ட கையெழுத்துக்குப் பின்னால் இருப்பது அதுதான். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

காட்பாடி கதிர்ப்படம்

அண்ணா, உங்கள் மனைவி சொன்ன இரண்டு வாக்கியமும் முக்கியமானவை. முதுகு ஊசித் தலைவலி எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். படுத்தால் கூடுகிறது, இருமினால் கூடுகிறது என்றால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஊசித் தலைவலியாகத் தொடங்கியது பிறகு குணம் மாறினாலும் அப்படியே. 2004இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று இந்த நோய் கண்ட 624 பேரைப் பின்தொடர்ந்தது. பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி, ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு வலிப்பு. தமனி அடைப்பில் வலிப்பு இந்த அளவுக்கு வராது.

படம் எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிரைகளுக்கான எம்ஆர் வெனோகிராம் பெரிய சைனஸ்களை நன்றாகக் காட்டும். புறணியின் மேல் உள்ள ஒற்றைச் சிரை மட்டும் அடைத்திருந்தால் அதில் தெரியாமல் போகலாம், ஏனென்றால் இயல்பிலேயே சிரைகள் ஆளுக்கு ஆள் வேறு. இல்லாதது அடைப்பா பிறவியமைப்பா என்று சொல்ல முடியாது. இரத்தத்தின் இரும்பை எளிதில் உணரும் வேறொரு எம்ஆர்ஐ பட முறையில்தான் அந்த உறைந்த சிரை கருங்கோடாக எழுந்து நிற்கும். இடப்பக்க டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் பலருக்குப் பிறவியிலேயே சிறியது. அதை அடைப்பு என்று எழுதிவிடும் தவறும் நடக்கிறது. திருத்தணி ஐயாவின் கேள்விக்கு இதுவும் பதில்.

குப்பம் செவிலி

பதினெட்டுப்பட்டிக்கும் போய்வரும் கிராம சுகாதாரச் செவிலி நான். பலமனேர்த் தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் தண்ணீர் கொடுத்தார்களா?

எங்கள் பக்கம் தமிழ் வீடானாலும் தெலுங்கு வீடானாலும் பிரசவித்தவளுக்கு ஒரே சட்டம். பச்சை உடம்பு, தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு தொங்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். மே மாத வெயிலில், சன்னலை அடைத்த அறையில், தலையில் துணி கட்டி, அரை டம்ளர் வெந்நீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாவு வறண்டு உதடு வெடித்திருக்கும். நான் கேட்டால் “காலையில் கொடுத்தோமே” என்பார்கள்.

பிரசவத்தின்போது இரத்தம் அளவுக்கு மீறிப் போகாமல் இருக்க, உடம்பே இரத்தத்தை உறையும் பக்கம் தள்ளி வைத்திருக்கிறது. அந்த நிலை பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் நீடிக்கும். அதோடு நீர்ச்சத்து வற்றினால் இரத்தம் மேலும் கெட்டிப்படும். சோகையும் கிருமித்தொற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

புத்தூர் அம்மா

செவிலியம்மா சொல்வதில் எனக்கு உடன்பாடு பாதிதான். என் மாமியார் எனக்கு அப்படித்தான் பார்த்தார். நான் என் மருமகளுக்கு அப்படித்தான் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்தியத்தைக் குறை சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் அக்கறையையே குறை சொன்னது போல் ஆகிறது.

குப்பம் செவிலி

அம்மா, உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூண்டுக் குழம்பு வையுங்கள், சுறாப் புட்டு செய்யுங்கள், லேகியம் கொடுங்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள். அந்தக் கவனிப்பு கிடைக்காமல் தனியே கிடக்கும் பெண்களைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். நான் கேட்பது தண்ணீர் மட்டும். தாகம் எடுத்தால் கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் கேட்காமலே கொடுங்கள். வெந்நீராகவே இருக்கட்டும், சீரகம் போட்டே இருக்கட்டும். தண்ணீர் கொடுத்தாலும் சிலருக்கு இந்த நோய் வரலாம். தண்ணீரைக் குறைத்து அதற்கு வழிவிடக்கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

புத்தூர் அம்மா

சீரகத் தண்ணீர் கொடுப்பதில் தடை ஒன்றும் இல்லை. இரண்டாவது மருமகளுக்கு ஆடியில் பிரசவம். அவளுக்கு வைக்கிறேன்.

நகரி மலர்

மேல் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், ஐயா. முனைகள் இருந்தன. ஒன்று கவனித்தேன்: முன்பக்க முனைகள் நேராக நிற்கின்றன, பின்பக்க முனைகள் முன்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஆனால் சைனஸில் இரத்தம் முன்னிருந்து பின்னாகத்தானே ஓடுகிறது? ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஏன் போய்ச் சேர வேண்டும்?

சித்தூர் ஆசிரியர்

கண்ணால் கண்டு கேட்டுவிட்டீர்கள், பெரிய மகிழ்ச்சி. கருவில் அரைக்கோளங்கள் பின்னோக்கி வளர்கின்றன. சிரையின் சைனஸ் முனை நின்ற இடத்தில் நிற்க, மூளை முனை பின்னால் இழுபட்டுப் போகிறது. அதனால் பின்பக்கச் சிரைகள் சாய்ந்து, ஓட்டத்தை எதிர்த்து உள்ளே நுழைகின்றன. தேர்வில் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

பலமனேர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. செவிலியக்கா, தண்ணீர் குறைவாகத்தான் கொடுத்தார்கள். கடைசியாக ஒரு கேள்வி, மனைவி கேட்கச் சொன்னது. இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

குப்பம் செவிலி

ஒருமுறை வந்தது என்பதற்காக மறுபடி கருத்தரிக்கக்கூடாது என்று விதி இல்லை. நரம்பியல் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் கருத்தரிக்கும் முன்பே பாருங்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் தடுப்பாக ஹெப்பாரின் வகை ஊசி போடலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அதுவரை ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். மருந்துக் கடையில் தானாக வாங்கிவிடப் போகிறாள். காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். பழைய ஸ்கேன் படங்களை உறையோடு பத்திரமாக வைத்திருந்து, கர்ப்பப் பதிவுக்கு வரும் முதல் நாளே கொண்டு வரச் சொல்லுங்கள்.